கைக்குட்டை மூடிய முள்

முதலில் கண்டுபிடித்தது என் நாக்குதான். பகல் டூட்டியில் வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். பருப்புத் தோல் ஒன்று மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளப் பார்த்தபோது, தோலுக்குப் பின்னால் வேறு எதுவோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். வலி இல்லை. ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் அதை நாக்காலேயே தடவிக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி சிசிலியிடம் அதெல்லாம் எடுபடாது. "என்னாங்க, ஒரு வாரமா வாய்க்குள்ளயே என்னத்தியோ உருட்டிக்கிட்டு இருக்கீங்க? புளியங்கொட்டையா?" என்றாள். குவார்ட்டர்ஸ் வாசலில் வெயில் பக்கமாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். எட்டிப் பார்த்தாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, சேலத்து டாக்டரிடம் போக அடுத்த வண்டிக்குக் கிளம்பச் சட்டையை எடுத்துவைத்தாள்.

பேச்சு கெட்டுப்போய் மீண்டவன் நான். என்னைப்போல யாராவது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, இனி என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிறவர் இருந்தால், அவருக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்கு முதலில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் மொரப்பூரில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். பெயர் சூசை. கொடி காட்டுவதும் விளக்கு காட்டுவதும்தான் ஜனங்கள் கண்ணுக்குத் தெரியும். உண்மையான வேலை அறைக்குள் நடக்கும். ஒரு வண்டியை அனுப்பும் முன் அடுத்த ஸ்டேஷனில் இருப்பவரிடம் பாதை காலியா என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். லைன் கிளியர் என்பது அதுதான். மணி அடித்து ஆளைக் கூப்பிட்டு, ஃபோனில் வண்டி எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு ரகசிய எண். இரண்டு இலக்க எண்களைத் தாறுமாறாக அச்சடித்த தாள் ஒன்று மேஜைமேல் இருக்கும். அதிலிருந்து ஒன்றை இங்கிலீஷில் இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிட்டு, தாளில் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவோம். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொன்னது அவர் வாயிலிருந்து அப்படியே வந்தால்தான் பேச்சு செல்லும். அதன்பின் அவர் அங்கிருந்து திருப்ப, என் பக்கத்துப் பிளாக் கருவி என்கிற பெட்டியில் ஒரு முள் திரும்பும். முள் திரும்பிய பிறகே வண்டி நகரலாம்.

வேலைக்குப் பழக்கியபோது எங்கள் தலையில் ஏற்றிய பாடம் ஒன்று உண்டு. காதில் விழுந்ததை நம்பிக் கொடி காட்டாதே, முள்ளைப் பார். பதினான்கு வருடம் நான் முள்ளைப் பார்த்தே சோறு தின்றவன். அந்தப் பழக்கம் என் நோயில் எப்படிக் குறுக்கே வந்து நின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சேலம் பக்கத்து அடுத்த ஸ்டேஷனில் இருந்தவர் ராவ். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஏழு வருடமாகத் தினமும் பேசியிருக்கிறோம். நேரில் பார்த்தது இரண்டே தடவை, அதுவும் ஓடுகிற வண்டியின் ஜன்னலிலிருந்து. எண்ணைத் திருப்பிச் சொல்லி, முள் திரும்பி, வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் "ஊட்டா ஆயித்தா சூசை?" என்பார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். காலை ஆறு மணி வண்டிக்கும் அதே கேள்விதான். நானும் "ஆயித்து, ஆயித்து" என்பேன்.

சேலத்து ரயில்வே டாக்டர் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அங்கே கட்டியிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். அதைச் சீவிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்களாம். பயாப்ஸி என்று பெயர். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் புற்று என்ற வார்த்தையை நானும் சொல்லவில்லை, சிசிலியும் சொல்லவில்லை. காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு எதிரே சுவரில் ஒரு கடிகாரம், நான்கு நிமிடம் பின்தங்கி ஓடியது. நான் அதை யாரிடமாவது சொல்லித் திருத்த வேண்டும் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். "உங்க ஸ்டேஷன் இல்லீங்க இது, குந்துங்க" என்று சிசிலி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. எனக்கு இருந்த பயம் அவளுக்கும் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

நல்ல கட்டிதான் என்றார்கள். ஆனால் விட்டுவைத்தால் என்றாவது கெட்டதாக மாறலாம், எடுத்துவிட வேண்டும். எடுத்தார்கள். அண்ணத்தின் முன்பக்கம் எலும்பு, பின்பக்கம் எலும்பில்லாத மெத்தென்ற சதை. என் கட்டி அந்த மெத்தையில் பாதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனது. பக்கத்துச் சதையை இழுத்துத் தைத்து ஓட்டையை அடைத்தார்கள்.

மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றிய நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. குழாயை எடுத்த பிறகு நடந்தது வேடிக்கை. சிசிலி ராகிக் கஞ்சியை மெல்லிய துணியில் மூன்று தடவை வடிகட்டிக் கொண்டுவந்தாள். ஆசையாக ஒரு வாய் குடித்தேன். பாதி மூக்கு வழியாகச் சட்டையில் வந்து விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, "ரெண்டு வழி இருந்தா ரெண்டு வழியும் போவும். மறுபடி குடிங்க" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுவும் மூக்கு வழியாகத்தான் வந்தது.

புண் ஆறியது. வேலைக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். என் பேச்சு கொணகொணவென்றிருந்தது எனக்கு லேசாகத் தெரியும். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சிசிலிக்கு நான் சொல்வது எல்லாமே புரிந்தது, அதுவும் ஒரு தைரியம்.

முதல் நாள், நண்பகல் பாசஞ்சர். மணி அடித்து ராவைக் கூப்பிட்டேன். வண்டி எண்ணைச் சொன்னேன். பிறகு ரகசிய எண்: சிக்ஸ், டூ.

"யாருங்க பேசறது?" என்றார் ராவ்.

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை கத்தியே சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சூசை, நீங்கதான்னு தெரியுது. நம்பர் தெரியல. தெரியாத நம்பரை நான் எழுத மாட்டேங்க. வேற ஆளைப் பேசச் சொல்லுங்க."

எங்கள் ஸ்டேஷனின் பெரிய மாஸ்டர் சாப்பாட்டில் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து பேசினார். வண்டி பதினோரு நிமிடம் பிளாட்பாரத்தில் நின்றது. ஜன்னல்களிலிருந்து ஜனங்கள் என்னையே பார்ப்பது போல இருந்தது. ராவ் செய்தது சரி. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இது தெரிந்தும் நாலு நாள் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. மூன்று மாதம் லீவு. அதற்குள் பேச்சு தெளிந்து மெடிக்கல் போர்டில் தேறினால் பழைய வேலை. இல்லாவிட்டால் எங்காவது பார்சல் ஆபீசில் மூட்டை எண்ணும் வேலை. மூட்டை எண்ணுகிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வண்டியை அனுப்பி வாங்குகிற அந்த அறையை விட்டு என்னால் இருக்க முடியாது. இதைச் சிசிலியிடம் சொன்னபோது அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் சேலம் பக்கமிருந்து வந்த பாசஞ்சரின் கார்டு ஒரு கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கூடை நிறையச் சீத்தாப்பழம். "ராவ் சார் குடுத்தாருங்க. மெத்துனு இருக்கும், மெல்ல வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க." சிசிலி ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டையெல்லாம் எடுத்து, கிண்ணத்தில் வைத்து என் முன் நீட்டினாள். "கோவத்தை அப்புறம் வெச்சுக்கலாம், பழம் அளிஞ்சிடும்" என்றாள். நல்ல பழம்தான்.

எங்கள் மகளை என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி பெங்களூர். சிசிலியின் சித்தப்பா மகள் வீட்டுப் பின்னறையில் தங்கினோம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு என்று ஒரு தனி அறை. அங்கே வசந்தா மிஸ். இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டிருப்பார், பெங்களூர்த் தமிழ்.

முதல் நாள் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்த சின்னக் கண்ணாடி ஒன்றை என் மூக்குக்குக் கீழே பிடித்தார். "பாப்பான்னு சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். கண்ணாடியில் இரண்டு வட்டமாக ஆவி படிந்தது.

"இந்தக் காத்து வாய் வழியா வரணும். மூக்குக்கு ஓடிப்போவுது" என்றார் மிஸ். பிறகு அவர் விளக்கியது இது. நாம் பேசும்போது அண்ணத்தின் பின்பக்க மெத்தை மேலே எழும்பி மூக்குக்குப் போகிற வழியை அடைக்கும். ம, ந போன்ற சில எழுத்துகளுக்கு மட்டும் அது திறக்கும். எனக்கு மெத்தை குட்டையாகிவிட்டது, தையல் இறுக்கத்தில் எழும்பவும் மறந்துவிட்டது. ரயில்வே கேட் முழுக்க மூடாமல் நின்றால் நடுவே ஆட்டுக்குட்டி புகுந்து ஓடுமே, அப்படிக் காற்று ஓடுகிறது. அதனால்தான் 'நான்', 'மாமா' எல்லாம் ஒழுங்காக வந்தது. இங்கிலீஷ் எண்களில் ஒன், நைன் இரண்டும் தப்பித்தன. சிக்ஸ், செவன், டூ, ஃபைவ் எல்லாம் மூக்கில் மாட்டிக்கொண்டன. மிச்சமிருக்கும் மெத்தையை எழும்பப் பழக்கினால் போதும், எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்றார் மிஸ்.

"வாய்க்குள்ள இருக்கறது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று எழுதிக் காட்டினேன். பேசக் கூச்சம்.

மிஸ் மேஜைக்குக் கீழிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வைத்தார். ஆஸ்பத்திரியில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர் பழைய ரேடியோ சாமான்களை வைத்துச் செய்தது. ஒரு ஒயரின் நுனியில் பட்டன் அளவு மைக். அதை மூக்கின் பக்கத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். பெட்டியின் முகத்தில் கண்ணாடிக்குள் ஒரு முள். மூக்கு அதிர்ந்தால் முள் வலது பக்கம் எழும்பும். காற்று வாய் வழியாகப் போனால் முள் படுத்திருக்கும்.

முள்ளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. என் ஸ்டேஷன் பெட்டியே இங்கே வந்துவிட்டது போல. "பாப்பா" என்றேன், முள் குதித்தது. "மாமா" என்றேன், அதற்கும் குதித்தது, அது குதிக்க வேண்டியதுதான். மறுபடி "பாப்பா". இப்படி ஒரு மணி நேரம். வாய்க்குள் எதை எப்படித் தூக்குவது என்று யாராலும் சொல்லித்தர முடியாது. முள் கொஞ்சம் குறைந்து எழும்பினால், இப்போது செய்தது என்னவோ அதையே மறுபடி செய்யவேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரே ஒரு தடவை முள் அசையாமல் கிடந்தது. சிசிலி மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் நான் வேகமாகத் தேறினேன். சொன்ன சொல்லுக்கெல்லாம் முள் படுத்தே கிடந்தது. எனக்கு ஒரே பெருமை. மிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். முள் எகிறியது. நான் என்னை அறியாமல் முணுமுணுக்கப் பழகியிருக்கிறேன். குரலே இல்லாவிட்டால் மூக்கு எங்கே அதிரும்? "முள்ளை ஏமாத்தறீங்களா சார்?" என்று மிஸ் சிரித்தார். சிசிலிக்கு வாய்ப்பு கிடைத்தது. "வூட்டுலயும் அப்படித்தாங்க மிஸ். திட்டு வாங்கற மாதிரி இருந்தா முணுமுணுப்புதான்."

வீட்டில் செய்ய மிஸ் ஒரு பட்டியல் கேட்டார். தினமும் வாயில் வருகிற, எனக்குச் சிரமமான சொற்கள். நான் எண்களை எழுதினேன். "வூட்டுல கூப்பிடற பேர் ஏதாவது எழுதுங்க சார்." சிசிலி என்று எழுதினேன். ச எழுத்து எனக்கு மிகவும் கெட்டுப்போயிருந்தது. அந்தப் பெயரில் அது இரண்டு தடவை.

"நல்ல பேர். தினமும் அம்பது தடவை கூப்பிடுங்க" என்றார் மிஸ்.

சிசிலிக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்யாணம் ஆயி ஒம்போது வருசம் மிஸ். இந்தா, ஏம்மேன்னுதான் கூப்பிடுவாரு. ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க."

உண்மைதான். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் வழக்கம். அன்று முதல் பின்னறையில் அவள் கைக்கண்ணாடியைப் பானைத் தண்ணீரில் முக்கி என் மூக்குக்குக் கீழே பிடிப்பாள், நான் அவள் பெயரைச் சொல்வேன். முதல் நாட்களில் வந்ததைப் பெயர் என்றே சொல்ல முடியாது, பாம்பு தும்மியது போல இருக்கும். "இருக்கேன், இருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வாள். ஐம்பதுக்கும் ஐம்பது பதில்.

ஆறாவது வாரம். முள்ளுக்கு முன்னால் சத்தமாக, தெளிவாக, எந்தச் சொல்லையும் சொல்வேன் என்று ஆகிவிட்டது. போர்டுக்கு இன்னும் ஐந்து வாரம். மிஸ் தன் கைக்குட்டையை எடுத்தார். பூப்போட்ட சின்னக் கைக்குட்டை. அதைப் பெட்டியின் முகத்தில் போட்டு முள்ளை மூடினார்.

"இப்ப சொல்லுங்க சார். சிக்ஸ், டூ."

சொன்னேன். எனக்கு நன்றாக இருந்தது போலத்தான் பட்டது. மிஸ் கைக்குட்டையைத் தூக்கி, மறுபடி சொல்லச் சொன்னார். முள்ளைப் பார்த்துச் சொன்னேன், முள் அசையவில்லை. மறுபடி மூடினார். சொன்னேன். சட்டென்று தூக்கினார். முள் வலது ஓரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

முள் கண்ணில் பட்டால் பேச்சு வரும், மறைத்தால் போகும். ஆறு வாரமும் நான் பழகியது முள்ளை அடக்க, பேச அல்ல. ராவிடம் பேசும்போது என் மூக்கில் ஒயர் ஒட்டி யார் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்பார்கள்?

கோபம் வந்தது. "மூடாதீங்க. முள்ளைப் பாக்காம வேலை செய்யக்கூடாதுன்னு எங்களுக்குச் சட்டம். காதை நம்புனவன் வண்டியை மோத விட்டுடுவான்" என்று கத்தினேன். பாதி மூக்கில் வந்தது, ஆனாலும் மிஸ்ஸுக்குப் புரிந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப ஃபோன்ல நம்பர் எதுக்கு சார்? முள்ளு மட்டும் போதுமே?"

"முள்ளு கெட்டுப்போனா? அதுக்குத்தான் நம்பர். ஒரு மனுசன் கேட்டுத் திருப்பிச் சொல்லணும்" என்றேன்.

சிசிலி மூலையிலிருந்து, "அப்ப கேக்கறதும் உங்க வேலைதானுங்க" என்றாள்.

அன்று மிஸ் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டார். நான் பிடுங்கி, எங்கள் ரயில் ரிஜிஸ்டர் போலக் கட்டம் கட்டமாக நானே போட்டேன். நேரம். சொன்ன எண். என் காது என்ன சொல்கிறது. முள் என்ன சொல்கிறது. முள்ளை மூடியபடி ஒரு எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். சரியா தப்பா என்று முதலில் நானே கேட்டு முடிவுசெய்து மூன்றாவது கட்டத்தில் எழுதுவேன். அதன் பிறகே, கைக்குட்டையின் ஓரத்தைத் தூக்கி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்ஸிடம் கேட்டு நான்காவது கட்டத்தில் எழுதுவேன். முதல் பக்கத்தில் இரண்டு கட்டமும் சேர்ந்துவந்த இடம் குறைவு. என் காது எனக்குச் சலுகை காட்டிக்கொண்டிருந்தது. என் பேச்சை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. வாரம் போகப் போகக் காது கெட்டிக்காரன் ஆனது. தப்பு என்று எழுதினால் முள்ளும் தப்பு என்றது. தப்பைக் கேட்கத் தெரிந்த பிறகு, அது வாயில் வரும்போதே பிடிக்க முடிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பின்னறையில் சிசிலி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ராவாக நடிப்பாள். நான் எண்ணைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். இங்கிலீஷ் எண்களை இதற்காகவே நன்றாகப் பழகிக்கொண்டாள். ஒன்றுகூடத் தப்பாது. மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னோம். மிஸ் சிசிலியைப் பார்த்து, "அக்கா, இவர் எப்படிச் சொன்னாலும் உங்களுக்குப் புரியும். நீங்க பரீட்சை வைக்கவே கூடாது" என்றார். பிரியம் இல்லாத காது வேண்டுமாம்.

சிசிலி என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனாள். கடைக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு, "போங்க. சீப்பு, சோப்பு, ஊசி கேளுங்க. கையைக் காட்டக்கூடாது" என்றாள். முதல் கடைக்காரர் தமிழ்க்காரர்தான். சீப்பு கேட்டேன். இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. சோப்பு ஒரே தடவையில் வந்தது. அடுத்த வாரம் முழுக்க அப்படி அலைந்தோம். பின்னறையில் ஏழு சீப்பு சேர்ந்துவிட்டது. வழுக்கை விழுந்த எனக்கு ஏழு சீப்பு எதற்கு என்று அந்தச் சித்தப்பா மகள் கேட்டபோது நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கையில் அரைச் சம்பளம்தான் வந்தது, ஆனாலும் அந்தச் சீப்புச் செலவை நான் என்றும் வருத்தமாக நினைத்ததில்லை.

மெடிக்கல் போர்டில் என்னை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு குமாஸ்தா. ஃபோனில் இருபது எண்கள் சொன்னேன். அவர் எழுதிய தாளைப் பெரிய டாக்டர் என் தாளோடு வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. ஆனாலும் அவர் பேனாவைக் கீழே வைக்காமல் யோசித்தார். "ஒரு மாசம் வேலை பாருங்க. அடுத்த ஸ்டேஷன்லேருந்து ஒரு புகார் வந்தாலும் வேற வேலைதான்" என்று சொல்லி அப்படியே எழுதினார். ஆக, என் வேலை இப்போது ராவின் காதில் இருந்தது.

மொரப்பூரில் நான் வருவதை ராவிடம் சொல்ல வேண்டாம் என்று பெரிய மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டேன். ராவுக்கும் என்மேல் பிரியம் உண்டு. தெரிந்தால் அரைகுறையாகக் கேட்டதையும் சரி என்று எழுதிவிடுவாரோ என்று பயம். அப்படி எழுதுகிற ஆள் இல்லை அவர், ஆனாலும் பயம்.

அதே நண்பகல் பாசஞ்சர். சிசிலி தூக்குப்பாத்திரத்தில் சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். தொடவில்லை. மேஜைமேல் எண் தாள். அதில் அன்றைக்கு வந்தது ஃபைவ், செவன். எனக்கு நைன், ஒன் என்று வந்திருக்கக் கூடாதா என்று கர்த்தரிடம் கோபித்துக்கொண்டேன். மணி அடித்தேன். பதில் மணி வந்தது. ஃபோனை எடுத்தேன்.

"மொரப்பூர் பேசறேங்க" என்று வண்டி எண்ணைச் சொன்னேன். முன்பெல்லாம் நான் மெயில் வேகத்தில் பேசுவேன். இப்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைக்கிற பழக்கம் வந்திருந்தது. "ஃபைவ். செவன்."

என் காது சரி என்றது. இருந்தாலும் என் கண் பிளாக் பெட்டியின் முள்ளுக்குப் போய்விட்டது. அது சும்மா நின்றது. ராவ் திருப்பிச் சொல்லாமல் அது திரும்பாது.

"ஃபைவ், செவன்" என்றார் ராவ்.

ஒரே தடவையில். முள் திரும்பியது. எழுதினேன், எண்ணை அடித்தேன். கோடு கோணலாகப் போனது. வெளியே போய்க் கொடி காட்டி, பாசஞ்சரை அனுப்பிவிட்டு, வண்டி புறப்பட்ட நேரத்தைச் சொல்ல மறுபடி ஃபோனை எடுத்தேன். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"புது மாஸ்டருங்களா? குரல் நல்லா தெளிவா இருக்குதுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். எங்க சூசை எப்பங்க வருவாரு? ஏதாவது தெரியுமா? நான் அன்னிக்கு அவரைப் பேச வேணாம்னு சொல்லிட்டேன். மூணு மாசமா சோறு எறங்கலங்க."

உடனே பேசினால் எல்லாம் மூக்கில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். மூச்சை இழுத்து விட்டேன். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி, அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"வந்துட்டாருங்க ராவ்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு மெதுவாக வந்தது.

"ஊட்டா ஆயித்தா சூசை?"

தூக்குப்பாத்திரம் திறக்காமல் அப்படியே இருந்தது. "ஆயித்து, ஆயித்து" என்றேன்.